தள்ளுவண்டிக்கு நான்கு துறை எதற்கு?

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு விஷயம் எழுதியிருந்தேன். நான் பொருள் வடிவமைப்புப் பாடம் நடத்திய கல்லூரியில், நான்கு துறை மாணவர்கள் சேர்ந்து மாலை நேர இட்லிக் கடை ஒன்றுக்குத் தள்ளுவண்டி செய்து கொடுத்த கதை அது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. இந்த மாதம் முழுக்க வண்டிதான்.

"எங்கள் குழுவில் ஆறு பேர். கட்டடக் கலையில் இரண்டு பேர், பொருள் வடிவமைப்பில் இரண்டு பேர், விஸ்காமில் (காட்சித் தொடர்பியல்) ஒருவர், ஜவுளி வடிவமைப்பில் ஒருவர். தெருவோர உணவு வண்டிக்கு எட்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள். கூரை கட்டடக் கலை படிக்கிற எங்களுக்கு, அடுப்பும் உடலும் பொருள் வடிவமைப்புக்கு, பெயர்ப்பலகை விஸ்காமுக்கு, துணி ஜவுளிக்கு என்று பிரித்துக்கொண்டோம். நான்காவது வாரம் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை. இப்போது ஒருவரோடு ஒருவர் பேசுவதும் இல்லை. என்ன செய்வது, அம்மா?"
கட்டடக் கலை மூன்றாம் ஆண்டு மாணவி, சென்னை

பயப்படாதே கண்ணு. நான்காவது வாரத்திலேயே தெரிந்தது நல்லதுதான். எட்டாவது வாரத்தில் தெரிந்துகொண்ட குழு ஒன்று உண்டு. அது நான் நடத்திய முதல் குழு. அவர்களுக்கு வேலையை நீங்கள் பிரித்த மாதிரியே பிரித்துக் கொடுத்தது நான். கூரையின் தூண், கேஸ் ட்யூப் வர வேண்டிய இடத்தில் வந்து நின்றது. பெயர்ப்பலகை கடைக்கார அம்மாவின் முகத்தை மறைத்தது. அலங்காரத் துணியின் ஓரம் வடைச்சட்டிக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல வேலை. பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை, பிரித்த விதம்தான் தப்பு.

அடுத்த வருடம் மாற்றினேன். முதல் இரண்டு வாரம் யாரும் பென்சிலைத் தொடக்கூடாது என்றேன். கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தெருவில் இட்லி, தோசை, வடை போடுகிற ஒரு அக்கா இருந்தார். நாலு மணிக்குக் கடை விரிப்பார், ஒன்பதரைக்கு எடுத்துவைப்பார். பிள்ளைகள் முறை வைத்து அவர் கூடவே நின்றார்கள். சும்மா நோட்டுப் புத்தகத்தோடு இல்லை. தண்ணீர்க் குடம் தூக்கினார்கள், டம்ளர் கழுவினார்கள், இலை நறுக்கினார்கள். முதல் நாளிலேயே ஒவ்வொருவரும் அடுத்த துறைக்காரர் கண்ணுக்குப் படாத ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஜவுளி படித்த பெண் அக்காவின் முந்தானையைப் பார்த்தாள். வடை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இடது கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறார், அடுப்பு இடுப்பை ஒட்டி இருப்பதுதான் காரணம் என்று சொன்னாள். விஸ்காம் பையன் இன்னொன்று சொன்னான்: வண்டிக்கு வந்து நின்ற ஆள் யாரும் பலகையைப் படிப்பதில்லை, "என்னக்கா இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள், பலகை எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குத்தான். அதனால் இரண்டே சொல் போதும், பெரிதாக. கட்டடக் கலைப் பிள்ளைகள் சாப்பிடுகிறவர்கள் நிற்கும் விதத்தை வரைந்தார்கள். எல்லாரும் சாலைக்கு முதுகு காட்டி, மதிலைப் பார்த்து நிற்கிறார்கள். கை கழுவும் இடம் சாலைப் பக்கம் இருந்தது. தட்டோடு திரும்புகிறவர் மேல் ஸ்கூட்டர் உரசுகிறது.

அப்புறம் காற்று. சென்னையில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று வரும். கடை விரித்த முதல் ஒரு மணி நேரம் அடுப்பு ஜுவாலை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே இருக்கும். தோசை ஒரு பக்கம் சிவக்கும், மறுபக்கம் வெளுக்கும். அக்கா ஒரு பழைய எண்ணெய் டின்னை வெட்டி, தட்டி, மறைப்பாக நிறுத்தியிருந்தார். இந்த ஒரு தகரத்தில்தான் நான்கு துறையும் ஒன்றாக வந்து சேர்ந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டடக் கலைப் பையன், கூரையிலிருந்து பக்கத் தடுப்பு இறக்கினால் காற்று நிற்கும் என்றான். முழுத் தடுப்பு பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும், வண்டியே நகரும் என்றாள் பொருள் வடிவமைப்புப் பெண். சரி, அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் மட்டும், ஒன்றே கால் அடி உயரத்தில் ஒரே தகட்டை மடித்து நிறுத்தலாம் என்று முடிவானது. அந்தத் தகட்டின் வெளிப்பக்கம் நேராகச் சாலையைப் பார்க்கிறது. "அப்போ தனியா பலகை எதுக்கு? இதுலயே எழுதிடலாமே" என்றான் விஸ்காம் பையன். வினைல் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினான். நாலே நாளில் சூட்டில் சுருண்டு வந்துவிட்டது. பிறகு தகட்டை இரண்டாக்கி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டார்கள். உள்தகடு சூட்டை வாங்கிக்கொள்ளும், இடைவெளியில் காற்று ஏறி இறங்கும், வெளித்தகடு கை வைத்துப் பார்க்கிற சூட்டிலேயே நிற்கும். அதில் போர்டு எழுதும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்து இனாமல் பெயின்டில் 'இட்லி தோசை' என்று எழுத வைத்தார்கள். அரை நாள் வேலை.

ஜவுளிப் பெண் எங்கே வந்தாள் என்று கேட்பாய். பாலியஸ்டர் துணி தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், சொட்டுகிற இடத்தில் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி எரியும், ஆனால் சொட்டாது. எப்படிப் பார்த்தாலும் அடுப்புக்கு மேலே துணியே கூடாது என்று ஒரேயடியாகச் சொன்னாள். அதனால் கூரை இரண்டாகப் பிரிந்தது. அடுப்புக்கு மேலே தகரம், சாப்பிடுகிறவர் தலைக்கு மேலே மட்டும் கான்வாஸ். கூரையின் வடிவத்தைத் தீர்மானித்தது கட்டடக் கலை இல்லை, துணி படித்தவள்.

உங்களுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை ஆறு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளைக் கடையில் கேட்டு வாங்கி, முழு அளவு வண்டியை அட்டையில் நிறுத்துங்கள். பேச்சு நின்றுபோன குழுவுக்கு வெட்டுகிற வேலை நல்லது, பேசாமலே ஆரம்பிக்கலாம். பிறகு கடைக்காரரை அழைத்து அதன் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.

எங்கள் அட்டை வண்டிக்குப் பின்னால் அக்கா வந்து நின்றார். கையில் நிஜக் கரண்டி, அட்டையில் வட்டம் போட்ட தோசைக்கல். "வாத்துக் காட்டுங்கக்கா" என்றதும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். கரண்டி நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வரும், இல்லையா? கடைசிச் சுற்றில் முழங்கை விலாவை விட்டு ஒரு சாண் வெளியே போகிறது. சரியாக அந்த இடத்தில் எங்கள் தூண். மூன்றாவது தோசையில் தூண் சாய்ந்தது. ஒன்பது அங்குலம் தள்ளி வைத்தோம். இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. மேடையைச் சமையலறை அளவில், 85 சென்டிமீட்டரில் வரைந்திருந்தார்கள். அதன் மேல் அடுப்பு, அதன் மேல் கல். அக்கா ஐந்தடிக்கும் கீழே. கல் அவர் முழங்கைக்கு மேலே போய்விட்டது. "இதுல அரை மணி நேரம் நின்னா தோள் கழண்டுடும்" என்றார். அட்டையை இரண்டு தடவை வெட்டிக் குறைத்தோம். மேடை உயரத்தை அளக்காதீர்கள், கல் உயரத்தை அளந்து அங்கிருந்து கீழே வாருங்கள்.

இன்னொரு விஷயம். 'மாதிரி' என்ற சொல்லை உங்கள் குழுவில் யார் யார் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று கேட்டுப் பார். உனக்கு அது இருபதில் ஒரு பங்கு அளவில் செய்த சின்ன உருவம். பொருள் வடிவமைப்பில் அது ஓடுகிற வண்டி. விஸ்காமில் அச்சுக்குப் போகும் முன் எடுத்த ஒரு தாள். "மாதிரி முடிஞ்சிடுச்சு" என்று மூன்று பேரும் சொல்லியிருப்பீர்கள், மூன்றும் உண்மையாகவே இருந்திருக்கும். பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

"என் பட்டறைக்கு மாணவர்கள் வண்டி செய்ய வருகிறார்கள். ஒருவன் ஒரு வரைபடம் தருகிறான், மறுநாள் இன்னொரு பெண் வேறு வரைபடம் தருகிறாள். எல்லாம் மில்லிமீட்டரில். யார் சொல்வதைக் கேட்பது?"
வெல்டிங் பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. என் அப்பாவும் லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையில் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். "இரண்டு நூல் தள்ளி வை" என்றால் உங்கள் ஆட்களுக்குக் கண்ணிலேயே தெரியும். 'ஆறு மில்லி' என்றால் டேப்பைத் தேட வேண்டும். மாணவர்களிடம் இரண்டு விஷயம் கறாராகச் சொல்லுங்கள். ஒன்று, பட்டறைக்கு ஒரே ஆள்தான் வர வேண்டும், ஒரே வரைபடம்தான் வர வேண்டும், அதில் தேதி இருக்க வேண்டும், ஆறு பேரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். இரண்டு, வெட்டுவதற்கு முன்னால் அந்த ஆள் ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் உட்கார வேண்டும். தகட்டை மடிக்கும்போது மூலையில் எவ்வளவு போகிறது என்று பார்த்த பிள்ளை அப்புறம் வரைகிற வரைபடமே வேறாக இருக்கும்.

எந்த ஸ்டீல் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். துருப்பிடிக்காத ஸ்டீலில் 202, 304 என்ற இரண்டு ரகமுமே பார்வைக்கு ஒன்றுதான், காந்தம் வைத்துப் பிரிக்கவும் முடியாது. 202-இல் நிக்கல் குறைவு, அதனால்தான் விலை குறைவு. உப்புக்காற்று அடிக்கிற தெருவில் அதில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். வண்டி முழுக்க 304 போட்டால் மாணவர் பணம் தாங்காது. மாவும் உப்புத் தண்ணீரும் படுகிற மேல்தகட்டுக்கு மட்டும் 304 போடுங்கள். வண்டியின் சட்டத்துக்குச் சாதா இரும்பு, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயின்ட். சக்கரத்துக்கு அவர்கள் சின்ன ட்ராலி உருளை கேட்டால் மறுத்துவிடுங்கள். ஐந்து அங்குல உருளை நம் தெருவில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஏறாது. பெரிய கம்பிச் சக்கரம்தான் சரி.

"வெளியே தெரிந்தால் அழகாக இல்லை என்று சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் வைத்து வரைந்தோம். எங்கள் ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். ஏன்?"
பொருள் வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு மாணவர், கோவை

உங்கள் ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள் தம்பி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தேங்கும். மூடிய பெட்டியின் அடியில் அது நிறைந்துகொண்டே இருக்கும், மேலே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். மேல்பக்கம் வைத்த சன்னல் அதற்கு உதவாது. பெட்டி வேண்டுமென்றால் அடித்தட்டு கம்பி வலையாக இருக்கட்டும், பக்கங்களில் தரையை ஒட்டித் திறப்பு இருக்கட்டும். சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். ரெகுலேட்டர் கடைக்காரரின் கை நீட்டும் தூரத்தில், எதையும் நகர்த்தாமல் மூடக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். ட்யூப் சூடான தகட்டைத் தொடக்கூடாது.

அளவையும் சரிபாருங்கள். நிறைய மாணவர்கள் தங்கள் வீட்டுச் சிலிண்டரை அளந்து வரைகிறார்கள். அது 14.2 கிலோ. வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. கடைக்கான சிலிண்டர் 19 கிலோ, அதைவிட உயரம். வரைந்த பெட்டிக்குள் அது நுழையாது. நுழையவில்லை என்று கடைசி நாளில் வெளியே வைத்துக் கயிறு கட்டிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

"பழைய செய்தித்தாள் போலத் தோற்றம் வரும்படி ஒரு தாள் அச்சிட்டு, அதில் வடை மடித்துக் கொடுக்க நினைக்கிறோம். நன்றாக இருக்குமா?"
விஸ்காம் மாணவி, மதுரை

பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வேண்டாம். சூடான எண்ணெயில் அச்சு மை கரையும். உணவைச் செய்தித்தாளில் மடிக்கக்கூடாது என்று 2018-இன் உணவுப் பொட்டல விதிகள் சொல்கின்றன. நீங்கள் புதிதாக அச்சிட்டாலும் வடை தொடுகிற பக்கத்தில் மை இருக்கக்கூடாது. பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மந்தாரை இலை இருக்கிறது, வாழை இலை இருக்கிறது. அந்த இலையைக் கட்டுகிற நூலின் நிறத்தில் உங்கள் கைவண்ணத்தைக் காட்டுங்கள்.

"குழு வேலைக்கு மார்க் எப்படிப் போடுவீர்கள்? ஒருவர் உழைக்கிறார், மூன்று பேர் கூட நிற்கிறார்கள்."
கல்லூரி விரிவுரையாளர், திருச்சி

ஜூரியில், அதாவது செய்ததைத் தேர்வாளர்கள் முன் வைத்து விளக்கும் நாளில், தன் பகுதியை யாரும் தானே விளக்கக்கூடாது என்று வைத்திருந்தேன். சக்கரத்தைப் பற்றி விஸ்காம் பையன் சொல்ல வேண்டும், எழுத்தைப் பற்றிக் கட்டடக் கலைப் பெண் சொல்ல வேண்டும். யார் எதை விளக்குவது என்பது அன்று காலை சீட்டு எடுத்து முடிவாகும். செய்து பாருங்கள், கூட நின்றவர்கள் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுவார்கள்.

"என் அப்பா இருபது வருடமாகத் தள்ளுவண்டியில் வியாபாரம் செய்கிறார். மூன்று தடவை கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். அளந்தார்கள், படம் எடுத்தார்கள், இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. இந்தத் தடவையும் வந்திருக்கிறார்கள். அப்பா 'பாவம், படிக்கிற பசங்க' என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை."
பி.காம். மாணவி, சேலம்

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. மனசு ஆறாததில் எந்தத் தப்பும் இல்லை. அப்பாவின் மாலை நேரம் அவருடைய சம்பளம். இரண்டு மணி நேரம் பேச்சுக் கொடுத்தால் அன்றைக்கு மாவு மிஞ்சும்.

அவர்கள் அடுத்த முறை வரும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் நீ நின்று நான்கு கேள்வி கேள். பேசும் நேரத்துக்கு எவ்வளவு தருவீர்கள்? வண்டி செய்து முடித்தால் அது யாருக்கு? உங்கள் அறிக்கையில் அப்பாவின் பெயர் குழுவில் ஒருவராக இருக்குமா, நன்றி சொல்லும் பக்கத்தில் இருக்குமா? மூன்று மாதம் கழித்து ஒரு வெல்டிங் விட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது? பதில் சொல்லத் தடுமாறினால் அவர்கள் கெட்ட பிள்ளைகள் என்று அர்த்தமில்லை. இதையெல்லாம் யோசிக்க யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் குழுவில் அக்காவுக்கு ஒரு மாலைக்கு இவ்வளவு என்று முதல் நாளே பேசி, கல்லூரியிலிருந்து வாங்கிக் கொடுத்தோம். ஜூரியிலும் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

வண்டியின் அளவையும் கவனி. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-இல் மத்தியச் சட்டம் வந்தது. கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் கொடுப்பது, நகர விற்பனைக் குழு அமைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவரை இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அப்பா நிற்கிற இடம் அளந்த இடம். புது வண்டி அழகுக்காக ஒரு அடி நீண்டால் அந்த ஒரு அடிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா, மாணவர்கள் இல்லை. பழைய வண்டியின் நீள அகலத்தைத் தாண்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்.

"லட்சக்கணக்கில் பணம் கட்டி மகளை டிசைன் படிக்க வைத்திருக்கிறோம். அவள் இரவு எட்டு மணிக்கு ரோட்டோரக் கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறாள். இதுவா படிப்பு?"
ஒரு தாய், ஈரோடு

பாதுகாப்பைப் பற்றிய கவலை என்றால் நானும் உங்கள் பக்கம். மூன்று பேருக்குக் குறையாமல் போகச் சொல்லுங்கள், திரும்புகிற நேரத்தை ஆசிரியர் கையில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

படிப்பா என்று கேட்டீர்கள். 1958-இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியை நம் அரசு அழைத்தது. கணவர் கட்டடக் கலை படித்தவர், மனைவி ஓவியம் படித்தவர். நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர்கள் கொடுத்த அறிக்கையில் மிகவும் வியந்து எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? லோட்டாவைப் பற்றி. நம் வீட்டுச் செம்பு. நிறைந்திருக்கும்போது இடுப்பில் எப்படி உட்காருகிறது, ஊற்றும்போது கனம் எப்படி நகர்கிறது, உள்ளே கை விட்டுத் தேய்க்க முடிகிறதா என்று கேள்வி கேள்வியாக அடுக்கியிருக்கிறார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. உங்கள் மகள் கையில் இருக்கிற டம்ளரும் அந்தச் செம்பின் வகைதான். அதைக் கழுவிப் பார்க்காமல் கழுவும் தொட்டியை அவள் எப்படி வரைவாள்? ஒரு நாள் நீங்களும் போய் அந்தக் கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

"அந்த அக்காவின் வண்டி இப்போது எப்படி இருக்கிறது?"
இப்படிக் கேட்டு எழுதியவர்கள் பதினோரு பேர்

ஓடுகிறது. போன வாரம் போயிருந்தேன். சில்லறைக்கு நாங்கள் வைத்த இழுப்பறையைக் கழற்றிவிட்டார், மாவுக் கை பட்டுச் சிக்கிக்கொள்கிறதாம். அந்த ஓட்டையில் இலைக்கட்டு செருகியிருக்கிறது. கான்வாஸ் கிழிந்து, வேறு துணி கட்டியிருக்கிறார். காற்றுத் தகடு அப்படியே நிற்கிறது, எழுத்து மட்டும் கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறது. 'இட்லி தோசை'க்குக் கீழே 'பணியாரம்' என்று அக்காவே சேர்த்து எழுதியிருக்கிறார். பணியாரச் சட்டி வைக்க மேடையில் இடம் போதவில்லை. "அந்தப் பசங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க டீச்சர், ஒரு அரை அடி பலகை மடக்குற மாதிரி வேணும்" என்றார். பொருள் வடிவமைப்புப் பெண் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், டேப்போடு.